முழுக்கோழி ரோஸ்ட்: ஓவனா, உருளியா, சிரட்டைக்கரியா?

ஆறு பேர் உட்காரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு முழுக்கோழியை வாட்டி நடுவில் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும், எந்த ஓவன் வாங்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அது இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி. எந்தக் கோழி, அதன் தோல் இருக்கிறதா இல்லையா என்பது முதலில் முடிவாகிவிட்டால், அடுப்பு எது என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

காரணம் எளிது. வாட்டுவதில் நாம் செய்வதெல்லாம் ஈரத்தை நிர்வகிப்பதுதான். தோலில் உள்ள ஈரம் போக வேண்டும், சதையில் உள்ள ஈரம் நிற்க வேண்டும். ஓவன் ஈரத்தை விரட்டும் கருவி. மூடிய உருளி, அதாவது அகன்ற அடிகனமான பாத்திரம், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கருவி. எந்தக் கோழிக்கு எது தேவை என்பதில்தான் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பண்டிகை நாளில் பல கோழிகள் வீணாகின்றன.

கடையில் கிடைக்கும் பிராய்லர் ஐந்திலிருந்து ஆறு வாரம் வளர்ந்தது. சதையை எலும்போடு கட்டும் நார் அதில் இன்னும் முற்றவில்லை. எனவே உலர்ந்த சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் மெத்தென்று வெந்துவிடும். வீட்டு முற்றத்திலும் ரப்பர் தோட்டத்திலும் மேய்ந்து எட்டு மாதம், ஒரு வருடம் ஆன நாட்டுக்கோழியின் தொடையில் நார் கெட்டிப்பட்டிருக்கும். அந்த நார் இளகி வழுவழுப்பாக மாற, ஈரச் சூட்டில் நெடுநேரம் கிடக்க வேண்டும். அதை ஓவனில் 200 டிகிரியில் வைத்தால் நார் இளகுவதற்கு முன்பே சதையின் தண்ணீர் வற்றிவிடும். மேலே பொன்னிறமாக இருக்கும், கடித்தால் இழுக்கும். கூடுதல் விலை கொடுத்து நாட்டுக்கோழி வாங்கி ஓவனில் வைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய நஷ்டம். நாட்டுக்கோழி என்றால் உருளி, அல்லது குக்கரில் வேகவைத்து உருளியில் பொரிப்பது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடையில் சொல்ல வேண்டியது

நம் ஊர்க் கோழிக்கடைகளில் எதுவும் சொல்லாமல் நின்றால் தோலை உரித்துத் துண்டு போட்டுத் தந்துவிடுவார்கள். குழம்புக்கு அது சரி. வாட்டுவதற்குத் தோல் வேண்டும். தோலும் அதற்கு அடியில் உள்ள கொழுப்பும்தான் சதைக்குக் குடை. தோல் இல்லாத நெஞ்சுச் சதையை ஓவனில் வைத்தால் மேல் கால் அங்குலம் காய்ந்து அட்டையாகும்.

எனவே, “அண்ணே, முழுசா வேணும், தோல் உரிக்க வேண்டாம், எறகு எடுத்து வயிறு மட்டும் சுத்தம் பண்ணித் தாங்க. கழுத்தும் ஈரலும் இரைப்பையும் தனியா போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டம் இருக்கும் ஞாயிறு காலையில் இதைக் கேட்டால் கடைக்காரருக்கும் தொல்லை. முந்தின நாள் சாயங்காலம் சொல்லி வைத்தால் நிதானமாகச் செய்து தருவார்.

உயிரோடு 2 கிலோ இருக்கும் பிராய்லர், தோலோடு சுத்தம் செய்தபின் ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும். தோல் உரித்தால் இன்னும் 100 கிராமுக்கு மேல் குறையும். ஆப்பமோ இடியாப்பமோ கூட இருக்கும் சாப்பாட்டுக்கு 1.4 கிலோ கோழி ஐந்தாறு பேருக்குப் போதும். எட்டுப் பேர் என்றால் 2.2 கிலோ உருப்படி ஒன்றைத் தேடாமல் 1.2 கிலோவில் இரண்டு வாங்குவதே நல்லது. பெரிய கோழியின் நெஞ்சு தடிமனானது. உள்ளே வேகும்வரை வைத்தால் வெளியே வறண்டுவிடும். எட்டுப் பேருக்கு இரண்டு தொடைக்கால் மட்டும் என்பதைவிட நாலு தொடைக்கால் கிடைப்பதும் வீட்டுச் சமாதானத்துக்கு நல்லது.

வாங்கி வந்ததும் மஞ்சளும் வினிகரும் போட்டுக் கழுவுவது நம் வழக்கம். குழாயடியில் தெறிக்கக் கழுவினால் கோழியில் உள்ள கிருமி தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் தேங்காய்த் துருவலிலும் போய் உட்காரும். கழுவியே ஆக வேண்டுமானால் அகன்ற பாத்திரத்தில் மெதுவாக அலசி, உடனே துணியால் உள்ளும் புறமும் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த ஒற்றி எடுக்கும் வேலையைத் தவறவிட்டால் பிறகு எந்த ஓவனும் தோலை மொறுமொறுப்பாக்காது. தோலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க வேண்டுமானால் அதைத் தாண்டியாக வேண்டும்.

உப்பு: கோழியின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை. 1.3 கிலோவுக்கு 18 முதல் 20 கிராம், அதாவது தூளுப்பு ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் கூட. கல்லுப்பு என்றால் பொடித்து எடை போட வேண்டும். கரண்டியால் அளந்தால் கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளி கணக்கைக் கெடுக்கும். முந்தின இரவே உள்ளும் புறமும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புத் தண்ணீரையே சதை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், விடியும்போது தோல் காகிதம்போல் உலர்ந்திருக்கும். இரண்டு மழைக்காலம் உள்ள குமரி மாவட்டம் இது. வெளிக்காற்றில் உலர்த்துவது இங்கே நடக்காது, கெட்டும் போகும். ஃபிரிட்ஜ்தான் வழி.

உருளி

ஓவன் இல்லாதவர்கள் இதற்காக ஒன்று வாங்க வேண்டியதில்லை. குமரி மாவட்டத்து வீடுகளில் முழுக்கோழி என்றாலே நெடுங்காலமாக அடிகனமான பாத்திரம்தான். அதில் ஒரு பெரிய வசதி உண்டு: சாறு கிடைக்கும். ஆப்பத்தையும் இடியாப்பத்தையும் காய்ந்த இறைச்சியோடு யார் தின்பார்? ஓவனில் அந்தச் சாற்றைத் தனியாகச் செய்ய வேண்டும், உருளியில் அது கோழியோடு கூடவே வருகிறது.

பாத்திரம் பார்த்து எடுக்க வேண்டும். உருளி அகலம், ஆனால் ஆழம் குறைவு. முழுக்கோழியின் நெஞ்சு விளிம்புக்கு மேலே நிற்கும், தட்டு போட்டு மூட முடியாது. ஆவி போய்விட்டால் மேல்பாதி வேகாது. அதே அகலமுள்ள சட்டியைக் கவிழ்த்து மூடலாம், அல்லது ஆழமான பிரியாணிச் சட்டியில் வேகவைத்து, பொரிக்கும்போது மட்டும் உருளிக்கு மாற்றலாம். அலுமினிய உருளியில் வினிகரோ எலுமிச்சையோ சேர்த்து நெடுநேரம் வைக்கக் கூடாது, சாறு கறுத்து உலோகச் சுவை ஏறும்.

1.3 கிலோ பிராய்லருக்கு மசாலா இது: சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) பத்து, பூண்டு பத்துப் பல், இரண்டங்குல இஞ்சி, நல்லமிளகு இரண்டு தேக்கரண்டி, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகாய்வத்தல் நாலைந்து, ஒரு துண்டு பட்டை, கிராம்பு மூன்று, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து. கிராம்பில் கை தாராளம் கூடாது. புவிசார் குறியீடு பெற்ற நம் மலைக் கிராம்பில் எண்ணெய் அதிகம். மூன்று வாசம் தரும், ஆறு போட்டால் பல் மருந்து வாடை வரும்.

அரைத்த மசாலாவைத் தடவி, கால்களை நூலால் சேர்த்துக் கட்டி, இறக்கை நுனியை முதுகுக்கு அடியில் மடக்கிச் செருகுங்கள். கட்டாவிட்டால் திருப்பும்போது கால் கழன்று வரும். சட்டியில் கோழியை நெஞ்சு மேலே இருக்க வைத்து 100 மில்லி தண்ணீர் மட்டும் ஊற்றி மூடி, கொதி வந்ததும் சின்ன பர்னரில் தீயைக் குறைத்துவிடுங்கள். கோழியே ஒரு கிண்ணம் தண்ணீர் விடும், பயந்து நிறைய ஊற்றினால் அது அவித்த கோழியாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, மொத்தம் 35 நிமிடம். நெஞ்சுப் பக்கம் அடியில் இருக்கும் நேரம் ஒரு சுற்று மட்டும் போதும், தொடைகளுக்கு இரண்டு சுற்று. நெஞ்சுச் சதை 74 டிகிரியிலேயே பக்குவமாகிவிடுகிறது, தொடைக்கு 80ஐத் தாண்டினால்தான் சுகம். இந்த வித்தியாசத்தை மறந்தால் தொடை வேகும்போது நெஞ்சு நாராகப் பிரியும்.

வெந்ததும் கோழியை எடுத்து ஒரு தட்டில் கால்மணி நேரம் ஆற வைக்க வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சொட்டச் சொட்ட எண்ணெயில் போட்டால் தெறிக்கும், தோல் அடியில் ஒட்டிக் கிழியும். ஆறியபின் தோல் இறுகும். அதற்குள் சட்டியில் உள்ள சாற்றைப் பாதியாக வற்றவைத்துத் தனியே ஊற்றிக்கொள்ளலாம். பிறகு உருளியில் 100 முதல் 120 மில்லி தேங்காய் எண்ணெய், நடுத்தரத் தீ. செக்கு எண்ணெய் என்றால் 175 டிகிரியிலேயே புகையத் தொடங்கும், புகை கண்டால் தீயைக் குறைத்தாக வேண்டும். பக்கத்துக்கு நாலைந்து நிமிடம், கரண்டியால் எண்ணெயை மேலே ஊற்றிக்கொண்டே திருப்புங்கள். சிவந்ததும் கோழியை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் பாதியை வடித்து, நறுக்கிய சின்ன உள்ளியும் கறிவேப்பிலையும் வதக்கி, வற்றிய சாற்றை ஊற்றிச் சுருட்டிக் கோழிமேல் ஊற்ற வேண்டும்.

நாட்டுக்கோழிக்குக் கணக்கு வேறு. 1.1 கிலோவுக்கு 300 மில்லி தண்ணீர், மூடிய சட்டியில் 60 முதல் 75 நிமிடம். தொடையின் கீழ்மூட்டில் சதை எலும்பைவிட்டு அரை அங்குலம் மேலேறி நின்றால் பக்குவம். குக்கரில் ஐந்து, ஆறு விசில். முட்டையிட்டு ஓய்ந்த கோழி என்றால் எட்டுக்குமேல். பிராய்லரைக் குக்கரில் வைக்கவே வேண்டாம் என்போம். ஒரு விசில் தாண்டினால் முழுதாகத் தூக்க முடியாது, கால் கையோடு வரும்.

உருளியின் குறை ஒன்றே. தோல் வறுபடும், ஆனால் ஓவனில் வரும் கண்ணாடி மொறுமொறுப்பு வராது. மசாலா வாசமும் மிருதுவும் போதும் என்பவர்களுக்கு இது குறையே இல்லை.

ஓவன்

ஓடிஜி எனப்படும் மேசை ஓவனில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். 1.4 கிலோ கோழி தட்டில் உட்கார்ந்தால் 11, 12 செ.மீ. நிற்கும். அதற்குமேல் சூட்டுக்கம்பிவரை குறைந்தது 5 செ.மீ. இடம் வேண்டும். 20 லிட்டருக்குக் குறைந்த ஓவனில் அந்த இடம் இராது. நெஞ்சின் உச்சி கரியும்போது தொடையின் மூட்டு பச்சையாக இருக்கும். முழுதாக நிற்கவைத்து வாட்ட 28 லிட்டருக்கு மேல் வேண்டும்.

ஆனால் சின்ன ஓவனுக்கும் ஒரு வழி உண்டு, பெரிய ஓவன் வைத்திருப்பவர்களுக்கும் நாங்கள் அதையே சொல்வோம்: முதுகெலும்பை வெட்டி எடுத்துக் கோழியை விரித்துவிடுவது. கடையிலேயே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வெட்டித் தரச் சொல்லலாம். வீட்டில் நெஞ்சுமேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று எலும்பு முறிந்து தட்டையாகும். உயரம் 6, 7 செ.மீ. ஆகிவிடும். தொடை வெளிப்பக்கம் வந்துவிடுவதால் அதற்குச் சூடு அதிகம் கிடைக்கிறது, நடுவில் உள்ள நெஞ்சுக்குக் குறைகிறது. நெஞ்சு காயும் பிரச்சினையில் பாதி இந்த ஒரு வெட்டிலேயே தீரும். நேரமும் குறையும்: 210 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம். முழுதாக வைத்தால் 200 டிகிரியில் 65 முதல் 75 நிமிடம். மேசையில் முழுக்கோழியாக எழுந்து நிற்கும் அழகு இதில் போய்விடும் என்பது உண்மை. கிறிஸ்துமஸ் ராத்திரியில் அந்த அழகு வேண்டும் என்று வீட்டில் குழந்தைகள் கேட்டால், கூடுதல் அரைமணி நேரம் கொடுத்து முழுதாகவே வையுங்கள். நெஞ்சு சிவந்ததும் அதன்மேல் மட்டும் அலுமினியத் தாளை வைத்து மறைத்துவிட்டால் போதும்.

மசாலாவில்தான் நம் ருசிக்கும் ஓவனுக்கும் சண்டை. அரைத்த உள்ளியைத் தோலின்மேல் பூசினால் அதன் தண்ணீர் தோலை நனைக்கும், அதன் சர்க்கரை கறுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்: மேலே கரிந்த மசாலா, அடியில் தொளதொளத்த தோல். தீர்வு, மசாலாவைத் தோலுக்கு அடியில் வைப்பது. கழுத்துப் பக்கத்திலிருந்து விரல் விட்டால் தோல் நெஞ்சைவிட்டுப் பிரியும். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு பிடிக்கும், அதைக் கரண்டிக் காம்பின் முனையால் விடுவிக்கலாம். நகம் பட்டால் கிழிந்துவிடும். மேலே சொன்ன அதே மசாலாவை இரண்டு கரண்டி எண்ணெயில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்து, உள்ளே தள்ளி மேலிருந்து தடவிப் பரப்புங்கள். முந்தின இரவே உப்பு தடவியிருப்பதால் மசாலாவில் உப்பு வேண்டாம். தோலின்மேல் பொடித்த நல்லமிளகும் கொஞ்சம் மஞ்சளும் எண்ணெயும் போதும்.

அந்த எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கோழியில் தடவினால் மெழுகுபோல் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், சிவப்பும் திட்டுத் திட்டாகவே வரும். கோழியை அரைமணி நேரம் வெளியே வைத்து, எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவ வேண்டும். அரைமணிக்கு மேல் வைப்பதில் பயனில்லை. நம் வெக்கையில் ஒரு மணி நேரம் தாண்டினால் ஆபத்தும் கூட.

தட்டின்மேல் கம்பி வைத்து, கம்பிமேல் கோழி. தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரும் நறுக்கிய பல்லாரியும் (பெரிய வெங்காயம்) போட்டால் சொட்டும் கொழுப்பு கரிந்து புகையாது, சாற்றுக்கும் அது ஆகும். 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, கீழ்த்தட்டில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைக்க வேண்டும். பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்புங்கள், பெரும்பாலான மேசை ஓவன்களில் பின்பக்கம் சூடு அதிகம். மார்த்தாண்டம் தேன் தடவிப் பளபளப்பாக்க ஆசை இருந்தால் கடைசி எட்டு நிமிடத்தில் மட்டும். அதற்குமுன் தடவினால் தேன் கறுத்துக் கசக்கும்.

மின்சாரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஓவன் வாங்கி வருந்துகிறவர்கள் உண்டு. 1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஃபோன் சார்ஜ் போடும் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் வயரிலோ போட்டால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக், எர்த் வயரோடு வேண்டும். 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் சூட்டுக்கம்பி தரும் சூடு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், அதாவது 1500 வாட் ஓவன் 1000 வாட் ஓவனாகிவிடும். பண்டிகை மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமப்புறத்தில் புத்தகத்தில் போட்ட நேரத்தை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். அங்கே கோழியை மதியமே வாட்டி முடித்து, சாப்பாட்டுக்கு முன் உள்ளேவரை நன்றாகச் சூடாக்குவது நல்லது. இடையில் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதிலும் இதையே செய்யலாம். உள்ளே விசிறி இருப்பதால் 190 டிகிரி போதும். கம்பித் தட்டை மைக்ரோவேவ் முறையில் வைக்கக் கூடாது, கன்வெக்‌ஷன் முறையில் மட்டுமே. சில ஓடிஜிகளில் வரும் சுழல்கம்பியைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய கோழியைத் தாங்காமல் போகலாம். கம்பி நடுவில் சரியாகச் செருகாவிட்டால் ஒரு பக்கம் கனத்து மோட்டார் நின்றுவிடும், கட்டாத இறக்கை விரிந்து சூட்டுக்கம்பியில் உரசிக் கரியும்.

மற்ற வழிகள்

ஏர் ஃபிரையர் தோலை நன்றாக மொறுமொறுக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு லிட்டர் கூடையில் 900 கிராம் கோழிதான் காற்றுக்கு இடம்விட்டு உட்காரும், அது மூன்று பேருக்கு. நெஞ்சு கீழே வைத்து 180 டிகிரியில் 25 நிமிடம், திருப்பி 190ல் 20 நிமிடம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஓவனைவிட இதுவே சரி. ஆறு பேருக்கு இரண்டு தவணை வாட்டினால் முதல் கோழி ஆறிப்போய் நிற்கும்.

தேங்காய்ச் சிரட்டைக்கரியின் கனல் நீண்டு நிற்கும், வாசமும் தரும். ஆனால் கோழியைக் கனலுக்கு நேர்மேலே வைப்பவர்கள்தான் அதிகம். சொட்டும் கொழுப்பில் தீ எழும்பி வெளியே கரி, உள்ளே ரத்தம். கனலை ஒரு பக்கமாக ஒதுக்கி, விரித்த கோழியை மறுபக்கம் எலும்பு கீழே இருக்க வைத்து, மேலே ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்து 50 முதல் 60 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் தோலைக் கனலுக்கு நேரே காட்டலாம். பச்சை ரப்பர் விறகைப் போட்டுப் புகைக்க வேண்டாம், அந்தப் புகை கைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மழை வரும் என்று தெரிந்தே முற்றத்தில் இந்தத் திட்டம் போடுவதும் வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம்.

பழக்கமான பேக்கரியில் விறகு எரிக்கும் போர்மா (ரொட்டி சுடும் பெரிய அடுப்பு) இருந்தால், ரொட்டி எடுத்தபின் இறங்குமுகமாக இருக்கும் சூடு கோழிக்கு மிகப் பொருத்தம். மூன்று நாலு கோழி ஒரே நேரத்தில் வேகும். கேக் வேலை நெரியும் டிசம்பர் கடைசியில் மட்டும் அவர்களைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

தோல் உரித்த கோழிதான் கிடைத்தது என்றால்? ஓவனை மறந்துவிட்டு உருளிக்குப் போங்கள். ஓவன்தான் வேண்டுமென்றால் கெட்டித் தயிரோடு மசாலா கலந்து தடவி மூன்று நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, முதல் 30 நிமிடம் அலுமினியத் தாள் மூடி, பிறகு திறந்து வாட்ட வேண்டும். தோலோடு உள்ள கோழி என்றால் சட்டி, ஓவன் இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. சட்டியில் 25 நிமிடம் மூடி வேகவைத்து, துடைத்து உலர்த்தி, ஓவனில் 220 டிகிரியில் 15, 20 நிமிடம். சாறும் கிடைக்கும், தோலும் ஓரளவு மொறுமொறுக்கும். கூட்டம் பெரிதாக இருந்து ஓவன் சிறிதாக இருக்கும் வீட்டுக்கு இது நல்ல சமரசம்.

வெந்ததா?

குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது, ஓவனை மாற்றுவதைவிடப் பயன் தரும். தொடையும் உடலும் சேரும் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் செருகிப் பார்க்க வேண்டும். 74 டிகிரி பாதுகாப்பின் எல்லை, தொடைக்கு 80 முதல் 85 வந்தால் ருசி. வெப்பமானி இல்லையென்றால் அதே இடத்தில் குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், காலை அசைத்தால் மூட்டில் தளர்ந்து ஆட வேண்டும். எலும்பை ஒட்டி மட்டும் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்து மீண்டும் ஓவனில் தள்ள வேண்டாம். இளங்கோழியின் எலும்பு முற்றாததால் உள்ளே உள்ள நிறம் கசிகிறது, உறையவைத்த கோழியில் இன்னும் அதிகம். சதை 74ஐத் தாண்டியிருந்தால் அது வெந்ததுதான். உறைந்த கோழியை முழுதாக இளக வைக்காமல் வாட்டுவதுதான் நிஜமாகவே உள்ளே பச்சையாக நிற்கக் காரணம். 1.5 கிலோவுக்கு ஃபிரிட்ஜில் ஒரு முழு நாள் வேண்டும். வயிற்றுக்குள் அவித்த முட்டையும் மசாலாவும் நிறைப்பவர்கள் அந்த நிறைப்பின் நடுவிலும் 74 வந்ததா என்று பார்த்தாக வேண்டும். அதற்குள் நெஞ்சு காய்ந்துவிடுவதால், நிறைப்பு வேண்டுமென்றால் உருளியே மேல்.

எடுத்தவுடன் வெட்டக் கூடாது. 15 நிமிடம் விட்டால் உள்சூடு இன்னும் மூன்று நாலு டிகிரி ஏறி அடங்கும், சாறு சதைக்குள் கெட்டிப்படும். அலுமினியத் தாளால் இறுக மூடினால் ஆவியில் தோல் மறுபடி நமுத்துவிடும், திறந்தே வையுங்கள். அந்த இடைவெளியில் சாறு தயாராகும். வெட்டி எடுத்த முதுகெலும்பு, கழுத்து, இரைப்பையை முன்பே எண்ணெயில் சிவக்க வறுத்து மூன்று தம்ளர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்து வைத்திருந்தால், தட்டில் வழிந்த கொழுப்பையும் பல்லாரியையும் அதில் வழித்துப் போட்டு வற்றவைத்து, கடைசியில் கால் தம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கலாம். பால் ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரியும்.

எட்டு மணிச் சாப்பாட்டுக்கு, விரித்த கோழி என்றால் ஆறேகாலுக்கு ஃபிரிட்ஜிலிருந்து வெளியே, ஆறரைக்கு ஓவன் சூடு, ஆறே முக்காலுக்குக் கோழி உள்ளே, ஏழரையை ஒட்டி வெளியே. உருளி என்றால் ஆறு மணிக்கே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், நாட்டுக்கோழி என்றால் ஐந்தேகாலுக்கு. கோழி ஆறும் அந்தக் கால்மணி நேரத்தில் ஆப்பச்சட்டி அடுப்பில் இருக்க வேண்டும். மாவு பொங்கியிருக்கிறதா என்று ஆறு மணிக்கே ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.